ஆராய்ந்து தெளிதல்: நாட்டுக் காப்பும் தனிமனித உரிமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் உரையாற்ற என்னை அழைத்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையைப் பற்றி நான் பேசுவேன் என்றே பொறுப்பாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். தலைப்பைச் சொன்னதும் ஒருவர், "அம்மா, இது வழக்கறிஞர் மன்றத்தில் பேச வேண்டியதாயிற்றே" என்றார். அவர் சொன்னது நியாயமே. நான் சட்டம் பயின்றவள் அல்லேன், தமிழ் ஆசிரியை. ஆயினும் நாம் வாழும் பகுதியை எண்ணிப் பாருங்கள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆவடியில் நாட்டின் படைக்கு டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. பூவிருந்தவல்லியில் நாட்டுப் பாதுகாப்புக்காகச் சிறப்புச் சட்டங்கள் வந்தபோதெல்லாம் அவற்றின் கீழ் வழக்கு நடந்த நீதிமன்றம் இருக்கிறது. ஆகவே நாட்டுக் காப்பு என்பதும் நீதிமன்றம் என்பதும் நமக்கு நாளேட்டுச் செய்திகள் மட்டும் அல்ல. நாம் பேருந்தில் கடந்து செல்லும் மதிற்சுவர்கள்.

அந்த மதில் ஒன்றிலிருந்தே என் உரையைத் தொடங்குகிறேன்.

28-1-1998

1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரில், முன்னாள் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு காவல் பணியில் நின்றவர்களும், கூட்டத்திற்கு வந்த எளிய மக்களும் மாண்டனர். அன்று நான் பள்ளிச் சிறுமி. எங்கள் தெருவில் இரண்டு நாள் ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

அவ்வழக்கு தடா எனப்படும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றத்தில் நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பெற்றோர் 41 பேர். அவர்களுள் 12 பேர் முன்னரே இறந்துவிட்டனர், மூவர் தலைமறைவு. எஞ்சிய 26 பேர் மீது விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் 288 சான்றாளர்கள் விசாரிக்கப்பெற்றனர். கதவடைத்த விசாரணையாதலால் உள்ளே நிகழ்ந்தது ஊருக்குத் தெரியாது. 1998 சனவரி 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது: 26 பேருக்கும் தூக்கு.

அப்போது நான் கல்லூரி மாணவி. மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் அச்செய்தியைக் கேட்டேன். பேருந்தில் இருந்தவர்கள், "சரியான தீர்ப்பு" என்றார்கள். நானும் மகிழ்ந்தேன் என்பதை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. திருப்பெரும்புதூரில் சிதறிய உடல்களைப் படங்களில் கண்டிருந்த எனக்கு, 26 என்னும் எண் மனத்துக்கு நிறைவாகவே இருந்தது.

வீட்டில் என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஆவடித் தொழிற்சாலையில் உறுப்புகளை அளந்து சோதிக்கும் பிரிவில் பணிபுரிந்தவர். தம் வேலையை நாட்டுத் தொண்டாகவே எண்ணியவர். இந்தக் கொலையைச் செய்தவர்கள்பால் அவருக்கு இரக்கம் சிறிதும் இல்லை. ஆயினும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இருபத்தாறு பேரும் ஒரே அளவாகவா செய்திருப்பார்கள், அம்மா?" என்று கேட்டார். நான் விடை கூறவில்லை.

விடையை உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1999 மே 11ஆம் நாள் நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையத் ஷா முகம்மது காத்ரி ஆகியோர் தீர்ப்பளித்தனர். நால்வருக்குத் தூக்கு உறுதி செய்யப்பெற்றது. மூவருக்கு வாழ்நாள் தண்டனை. 19 பேர் விடுவிக்கப்பெற்றனர். விடுவிக்கப்பெற்றோருள் சிலர்மீது சிறு குற்றங்கள் மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டன. அவற்றுக்குரிய தண்டனையை அவர்கள் முன்னரே கழித்திருந்தனர். இன்னொன்றையும் அந்நீதிமன்றம் கூறிற்று. இக்கொலை கொடிய சதியே ஆயினும், தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றத்தின் இலக்கணம் இதற்குப் பொருந்தாது என்பது அது. அதே ஆவணங்கள், அதே சான்றாளர்கள். 26 என்பது நான்காகவும் மூன்றாகவும் பத்தொன்பதாகவும் பிரிந்தது. நால்வருள் ஒருவரான நளினிக்குத் தூக்கு வேண்டா என்று நீதிபதி தாமஸ் மாறுபட்டு எழுதினார்.

பேருந்தில் நான் மகிழ்ந்தேனே, அந்த 26இல் இந்த 19 பேரும் அடங்குவர். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நாணம் உண்டாகிறது.

வாக்குமூலம் என்னும் பனுவல்

இவ்வழக்கில் பெரிதும் துணையாக நின்றவை ஒப்புதல் வாக்குமூலங்கள். இங்கேதான் தமிழ் ஆசிரியைக்கு ஓர் உரிமை பிறக்கிறது. வாக்குமூலம் என்பது ஒரு பனுவல். சொல்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர், இறுதியில் கையொப்பம் மட்டும் சொன்னவருடையது. ஏடு எழுதுவோர் செய்த பிழைகளை ஆராய்வதே எங்கள் தொழில். சொன்னவனின் எதிரியே ஏடெழுதுபவனாக அமர்ந்தால் அந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பதற்குச் சட்டப் பட்டம் வேண்டுவதில்லை.

ஆங்கிலேயர் 1872ஆம் ஆண்டில் இயற்றிய சான்றுச் சட்டமே, காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகச் சான்றாக்கக் கூடாது என்று விதித்தது. நம்மை அடக்கியாண்ட அயலரசும் தன் காவலரை அந்த அளவுக்கு நம்பவில்லை. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவ்வரம்பை நீக்கிற்று. கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் சான்றாகும் என்றது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றே பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ஆயினும் சில நெறிகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது, அச்சமற்ற சூழலில், விசாரிக்கப்படுபவரின் மொழியிலேயே, அவர் சொன்னவாறே எழுத வேண்டும் என்பது. 'சொன்னவாறே' என்பது சிறிய சொல். அதன் எடை என்னவென்று பின்னர் தெரிந்தது.

நால்வருள் ஒருவர் பேரறிவாளன். 1991 சூனில் பிடிக்கப்பெற்றபோது அவருக்கு அகவை 19. ஒன்பது வோல்ட் மின்கலம் இரண்டு வாங்கித் தந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட செயல்களுள் தலையாயது. அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்றது அரசுத் தரப்பு. அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்றபின் 2013இல் வெளிப்படையாக ஒன்று கூறினார். அந்த இளைஞர் மின்கலம் வாங்கியதை ஒப்புக்கொண்டாராம்; அது எதற்கென்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னாராம்; அந்த இரண்டாம் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவ்வதிகாரி கூறினார். 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் எழுத்து வடிவில் இதைத் தெரிவித்தார்.

அவையோரே, விடுபட்டது ஒரு தொடர். வாங்கினேன் என்பது செயலைச் சொல்கிறது; தெரியாது என்பது அச்செயலின் பொருளைச் சொல்கிறது. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை நீக்கினால், எஞ்சி நிற்பது அதே கூற்றின் சுருக்கம் ஆகாது. வேறொரு கூற்று ஆகும்.

அத்தொடர் இருந்திருந்தால் தீர்ப்பு எவ்வாறு அமைந்திருக்கும் என்று கூற எனக்குத் தகுதியில்லை. வேறு சான்றுகளும் நீதிமன்றத்தின்முன் இருந்தன. 2014 பிப்ரவரி 18இல், கருணை மனுவின்மீது முடிவெடுக்க ஆன நீண்ட காலத் தாழ்வைக் காரணம் காட்டி, அவருடையதையும் சேர்த்து மூவரின் தூக்கினை உச்ச நீதிமன்றம் வாழ்நாள் தண்டனையாகக் குறைத்தது. 2022 மே 18இல் அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 11இல் எஞ்சிய அறுவரும் விடுதலை பெற்றனர். இவ்விடுதலையை, குற்றமற்றவர் என்னும் தீர்ப்பாகக் கொள்வது பிழை. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த விடுபட்ட தொடர் எக்காலத்தும் ஏட்டில் ஏறாமலே 31 ஆண்டுகள் கழிந்தன என்பதும் உண்மை.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தாமே சொல் பெய்து நிரப்பவில்லை. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்களை வெற்றிடமாகவே விட்டார். இறந்துபோன புலவனின் சொல்லுக்கு நாம் காட்டும் அந்த நேர்மையை, உயிரோடிருக்கும் ஒருவனின் சொல்லுக்குக் காட்ட வேண்டாவா?

புறநானூற்றில் ஒரு வழக்கு

நாட்டுக் காப்புக்கும் தனி ஒருவன் உயிருக்கும் இடையே எழும் இந்த முரண் நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் 47ஆம் பாடல் எழுந்த சூழலை அதன் பழங்குறிப்புக் கூறுகிறது. சோழருள் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைவர். நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்னும் புலவன் உறையூருக்குள் வருகிறான். பகைவன் விடுத்த ஒற்றன் இவன் என்று நெடுங்கிள்ளி அவனைக் கொல்ல முனைகிறான். கோவூர் கிழார் பாடி அவனைக் காக்கிறார்.

நம் பூவிருந்தவல்லிக்கு அருகிலும் கோவூர் என்றோர் ஊர் உண்டு. அதுதான் புலவரின் ஊர் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை; ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அது முடியாத வழக்கு. நான் காட்ட விரும்புவது அவர் வாதிட்ட முறையை.

ஒற்றரைக் கண்டு அரசன் அஞ்சுவது தவறு என்று அவர் சொல்லவில்லை. போர்க்காலம்; பகைவன் ஊரிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான்; ஐயுறுதல் அரசனின் கடமை. ஆனால் புலவர் வாழ்க்கை எத்தகையது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். வள்ளல்களை நாடிப் பறவைபோல் நெடுவழி செல்வார்கள். பெற்றதைச் சுற்றத்தோடு உண்பார்கள். பூட்டி வைக்க மாட்டார்கள். பிறர்க்குத் தீங்கு எண்ணுதல் அவ்வாழ்க்கையில் இல்லை என்று காட்டுகிறார். அதாவது, பகைவன் ஊரிலிருந்து வந்தவன் என்னும் பொது அடையாளத்தைக் களைந்து, இவன் யார், இவன் செய்தது என்ன என்று கேட்கச் செய்கிறார். அன்று நீதிமன்றம் இல்லை. அரசனே வழக்காளி, அரசனே நீதிபதி. அந்த இருவேறு நிலைகளுக்கும் இடையே ஒரு புலவர் நின்றார். அவர் நின்ற இடத்தில் இன்று நீதிமன்றம் நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

திருவள்ளுவரும் ஒற்றினை இகழ்ந்தவர் அல்லர். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்துள்ளேயே, ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தாலே தெளிய வேண்டும் என்கிறார். நாட்டுக் காப்பைக் கூறும் இடத்திலேயே சான்றிலக்கணத்தையும் கூறிவிட்டார். ஆராய்தலைக் காப்புக்குப் பகையாக அவர் கருதவில்லை.

ஆராயாதவிடத்து நிகழ்வதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வன் அல்லன் போலும் என்று தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன், கள்வர் எத்தகைய தந்திரங்கள் உடையவர் என்று பொதுவாக ஒரு நெடிய சொற்பொழிவு நிகழ்த்துகிறான். கேட்டோரின் ஐயம் நீங்குகிறது, கொலை நிகழ்கிறது. இவன் எடுத்தானா என்ற கேள்விக்கு, கள்வர் இத்தகையோர் என்பது விடையாகிவிட்டது. சிலம்பை உடைத்துப் பார்த்த சோதனை, தண்டனைக்குப் பின்னரே நடந்தது.

நீதிமன்றங்கள் நடந்த வழி

நம் நீதிமன்றங்கள் எப்போதும் கோவூர் கிழாராக நின்றன என்று சொன்னால் அது முகமனாகும். குடியரசு தோன்றிய 1950ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, சென்னை மாநிலத்திலிருந்து சென்ற இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இருவேறு முகம் காட்டிற்று. மே 19இல், தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், தடுப்புக் காவல் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றது. ஒரே வாரம் கழித்து மே 26இல், ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஆணையைச் செல்லாதது என்றது. மறு ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பொருட்டுப் பேச்சுரிமைக்கு வரம்பு கட்டலாம் என்று சேர்த்தது.

1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது, சிறைப்பட்டவன் நீதிமன்றக் கதவைத் தட்டும் உரிமையே இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அப்பெரும்பான்மைத் தீர்ப்பு பிழை என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகக் கூற 2017 வரை, 41 ஆண்டுகள் ஆயின.

பேச்சைப் பற்றிய வழக்கு ஒன்றும் பூவிருந்தவல்லிக்கு வந்தது. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 சூலையில் வைகோ பொடாச் சட்டத்தில் கைதானார். அச்சட்டத்தை இயற்றிய ஆளுங்கூட்டணியில் இருந்த கட்சிக்கு அவரே தலைவர் என்பது நினைக்கத்தக்கது. ஒரு சட்டத்தை இயற்றுவோர் அது யார்மேல் விழும் என்பதை அறியார். 2003 திசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றே கூறியது. ஆனால் பயங்கரவாதச் செயலை வளர்க்கும் எண்ணம் இன்றி வெறும் ஆதரவுச் சொல் பேசுவது குற்றமாகாது என்று அதன் பொருளை வரையறுத்தது. அதற்குப் பின்னரே, ஏறத்தாழ 19 மாதச் சிறைக்குப் பிறகு, 2004 பிப்ரவரியில் அவர் பிணையில் வந்தார். பேச்சின் பொருளைப் பேசியவனின் எண்ணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்னும் அத்தீர்ப்பு, இந்த அவையில் உள்ள ஒவ்வொரு கவிஞருக்கும் உரியது.

தடா 1995இல் காலாவதியாயிற்று. பொடா 2004இல் நீக்கப்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ளது 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பலமுறை திருத்தப்பெற்றது. காவலரிடம் தந்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கும் பிரிவு அதில் இல்லை. இது பூவிருந்தவல்லி வழக்குப் போன்றவற்றிலிருந்து நாடு கற்ற பாடம் என்றே கொள்கிறேன். ஆனால் பிணை பெறுதல் அதில் மிக அரிது. விசாரணை முடியுமுன்னே ஆண்டுகள் கழிகின்றன. 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம், விரைந்த விசாரணை கிட்டாதவிடத்து இச்சட்டத்தின் தடையையும் மீறிப் பிணை வழங்கலாம் என்றது. பூவிருந்தவல்லியின் 19 பேரையும் இங்கே மறவாதிருப்போம். அவர்கள் விடுதலை பெற்றார்கள். இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

நான் நீக்கிய வரி

இறுதியாக, என்னைப் பற்றிய செய்தி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மலருக்குப் பொறுப்பாசிரியையாக இருந்தேன். ஒரு மாணவி சிறையைப் பற்றிக் கவிதை தந்தாள். அதில் அரசைச் சாடும் வரி ஒன்று. அதை அடுத்து, கொலையுண்டவர் வீட்டு வாசலில் நின்று தலைகுனியும் வரி ஒன்று. முதல் வரி எனக்கு அச்சம் தந்தது. யார் என்ன சொல்வார்களோ என்று அதை அடித்துவிட்டேன். இரண்டாம் வரி மட்டும் அச்சாயிற்று.

மலர் வந்ததும் அவள் என்னிடம் வந்தாள். கோபித்துக் கொள்ளவில்லை. "அம்மா, நான் இரண்டு பக்கமும் நின்று எழுதினேன். நீங்கள் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டீர்கள். இப்போது இது நான் எழுதியதே இல்லை, ஆனால் என் பெயர் இருக்கிறது" என்றாள்.

அந்த அதிகாரியின் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் சினம் வந்தது. அதன்பின் அவள் முகம் நினைவுக்கு வந்தது. என்னை எவரும் அச்சுறுத்தவில்லை. எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறர் சொல்லைச் சுருக்கும் அதிகாரம் கையில் இருந்தது, பாதுகாப்பு என்று ஒரு காரணமும் கிடைத்தது, நீக்கினேன். என் செயலால் ஓர் உயிர் இடர்ப்படவில்லை, அவ்வளவே வேறுபாடு.

ஆதலின் நாட்டுக் காப்பா, தனிமனித உரிமையா என்று துலாக்கோலில் வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தும் வழக்கில் எனக்கு உடன்பாடில்லை. திருப்பெரும்புதூரில் இறந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடன், குற்றம் செய்தவனைத் தேடிக் காண்பதால் தீரும். அருகே நின்றவனையும் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்குவதால் தீராது. எழுதாமல் விட்ட தொடர் சிறையிலிருப்பவனை மட்டுமன்றி இறந்தவர்களையும் வஞ்சிக்கிறது. அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்னும் முழு உண்மை அவர்களுக்கும் உரியதன்றோ?

நம் வட்டத்தின் பத்தாண்டுப் பணியில் நாம் செய்துவந்தது ஒன்றே: ஒருவர் சொன்னதைச் சொன்னவாறே கேட்க முயல்வது. அடுத்த பத்தாண்டிலும் அதைச் செய்வோம். நாளேட்டில் ஓர் எண்ணும் ஒரு தண்டனையும் வரும்போது, என் தந்தையார் கேட்ட கேள்வியை நாமும் கேட்போம். என் மாணவியின் கவிதையை, நான் நீக்கிய வரியோடு, இம்மலரில் முழுமையாக வெளியிட அவள் இசைந்திருக்கிறாள், பொறுப்பாளர்களும் இசைந்துள்ளனர். அவர்களுக்கு என் நன்றி.